ஆறு போத்தல் கலனும் ஐந்து போத்தல் கலனும்: ஒரு எண்ணெய் லேபலின் கதை

"தம்பி, அஞ்சு கலன் வாளிக்குள்ள இருபத்திரண்டு லீற்றர் எண்ணெய் எப்பிடி இறங்கும்?"

நியூ ஜேர்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணர் ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். மூன்று தரம் போட்டுக் கேட்டேன். நாங்கள் அனுப்பிய விலைப்பட்டியலில் ஐந்து கலன் வாளி ஒன்றுக்கு 22.73 லீற்றர் என்று கணக்குப் போட்டு விலை எழுதியிருந்தோம். அவர் கையில் இருக்கும் ஐந்து கலன் வாளியோ 18.93 லீற்றர்தான் கொள்ளும். வாளிக்கு 3.8 லீற்றர் வித்தியாசம். நாலு வாளிக்கு 15 லீற்றருக்கு மேல்.

களுவாஞ்சிக்குடியில் என் சின்னம்மாவும் பக்கத்து வீட்டு மூன்று பெண்களும் சேர்ந்து தேங்காய் எண்ணெய் காய்ச்சுகிறார்கள். வாகரைப் பக்கத்துக் காட்டுத்தேனும் வாங்கி வடித்துப் போத்தலில் அடைக்கிறார்கள். இதுவரை எல்லாம் உள்ளூர் விற்பனைதான். இதுதான் முதல் வெளிநாட்டு ஓடர்: 750 மில்லிலீற்றர் எண்ணெய்ப் போத்தல் 144, 500 மில்லிலீற்றர் தேன் போத்தல் 60, அதோடு கடைக்குப் பின்னால் சமையலுக்கென்று நாலு வாளி எண்ணெய். கணக்கும் லேபலும் என் பொறுப்பு. அதனால் பிழையும் என்னுடையது, சின்னம்மாவுடையது அல்ல. இதைப் போல வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்ப ஆயத்தமாகும் ஆட்கள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடி, எண்களோடு எழுதி வைக்கிறேன்.

எங்கே பிழைத்தது

பட்டியல் தயாரித்த அன்று நான் சின்னம்மாவிடம்தான் முதலில் கேட்டேன், ஒரு கலன் என்றால் எத்தனை போத்தல் என்று. "ஆறு போத்தல் ஒரு கலன், மனே. எங்கட ஐயா மண்ணெண்ணெய் வித்த காலத்திலயிருந்து அதான் கணக்கு" என்றார். அது முழுக்கச் சரி. இலங்கையில் பழைய போத்தல் என்பது பிரித்தானிய இம்பீரியல் கலனில் ஆறில் ஒன்று. இம்பீரியல் கலன் 4.54609 லீற்றர், ஆறால் பிரித்தால் 757.7 மில்லிலீற்றர். எழுபதுகளில் நாடு மெற்றிக்குக்கு மாறத் தொடங்கிய பிறகும் 750 மில்லிலீற்றர் என்ற உருவில் அந்தப் போத்தல் நம் கடைகளில் அப்படியே நிற்கிறது.

அப்புறம் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியின் பின்னட்டையில் இருந்த வாய்பாட்டைப் பார்த்தேன். 1 கலன் 4.546 லீற்றர், 1 பைந்து 568 மில்லிலீற்றர், 20 அவுன்ஸ் 1 பைந்து. சின்னம்மா சொன்னதோடு ஒத்து வந்தது. இன்னும் உறுதிப்படுத்த வேண்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் சின்னண்ணாவிடமும் கேட்டேன். அமெரிக்காவுக்குப் பக்கத்து நாட்டில் இருப்பவருக்குத் தெரியாமலா என்று நினைத்தேன். அவரும் "கலன் எண்டா 4.54 தான்டா" என்றார்.

மூன்று பேர் சொன்னால் போதாதா? ஆனால் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்த தண்ணீர். இலங்கையை ஆண்டவனும் பிரித்தானியன், கொப்பியின் பின்னட்டையும் அந்த முறையில் வந்தது, கனடாவின் கலனும் அதே இம்பீரியல் கலன். அமெரிக்கா மட்டும் வேறு. நான் கேட்காமல் விட்டது அமெரிக்காவில் இருக்கும் ஒரு ஆளிடம் மட்டும்தான்.

ஏன் வேறு என்பதைப் பிறகு தேடிப் படித்தேன், படித்த பிறகுதான் இது மனத்தில் நின்றது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வைனுக்கு ஒரு கலன், பியருக்கு ஒரு கலன், தானியத்துக்கு ஒரு கலன் என்று பல கலன்கள் இருந்தன. ஆன் அரசியின் காலத்தில், 1707 இல், வைன் கலன் 231 கன அங்குலம் என்று சட்டமானது. அமெரிக்கக் குடியேற்றங்கள் அதைத்தான் புழங்கின. சுதந்திரம் அடைந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டன. பிரித்தானியாவோ 1824 இல் பழைய கலன்களை எல்லாம் தூக்கி வைத்துவிட்டு, பத்து இறாத்தல் தண்ணீர் பிடிக்கும் புதிய இம்பீரியல் கலனைக் கொண்டுவந்தது. நமக்கு வந்து சேர்ந்தது அந்தப் புதிய கலன். ஆக, அமெரிக்கரிடம் இருப்பது பழைய ஆங்கிலேயக் கலன், நம் சின்னம்மாவிடம் இருப்பது அதற்குப் பிந்திய ஆங்கிலேயக் கலன். பெயர் மட்டும் ஒன்று.

231 கன அங்குலம் என்பது இன்றைய அளவில் 3.785411784 லீற்றர். அங்குலத்தை 25.4 மில்லிமீற்றர் என்று நிர்ணயித்துவிட்டதால் இது தோராயமே இல்லாத முழுத் துல்லியமான எண்.

கலன் 20 வீதம், அவுன்ஸ் 4 வீதம், அதுவும் எதிர்ப்பக்கமாக

வாளிக் கணக்கு பிழை என்று தெரிந்ததுமே எனக்கு வயிற்றில் புளி கரைத்தது லேபலை நினைத்துத்தான். வாளி இன்னும் நிரப்பவில்லை, விலையைத் திருத்தி அனுப்பிவிடலாம். லேபல் அப்படியல்ல. எண்ணெய்க்கு 400 லேபல் அச்சடித்து வந்து மேசையில் இருக்கிறது, அதில் '26.4 திரவ அவுன்ஸ், 750 மில்லிலீற்றர்' என்று இருக்கிறது. கலன் பிழை என்றால் அதைப் பிரித்து வரும் அவுன்ஸும் பிழையாகத்தானே இருக்க வேண்டும்?

பிழைதான். அந்த இரவு அதைத் திருத்தப் போய் இன்னொரு பெரிய பிழை விட்டேன், அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாருக்கும் நேரக்கூடியது. இம்பீரியல் கலன் அமெரிக்கக் கலனைவிட 1.2 மடங்கு பெரியது. சரி, அவர்களுடைய அளவு சிறியது, எனவே எண்ணிக்கை கூட வரும் என்று நினைத்து 26.4 ஐ 1.2 ஆல் பெருக்கினேன். 31.7 வந்தது. அச்சகத்துக்கு அனுப்பவும் ஆயத்தமாகிவிட்டேன். ஆனால் 32 திரவ அவுன்ஸ் அமெரிக்கக் குவாட் என்றும், அது 946 மில்லிலீற்றர் என்றும் அதற்குள் எங்கோ படித்திருந்தேன். முக்கால் லீற்றர் போத்தல் எப்படி ஒரு குவாட்டுக்குக் கிட்ட வரும்? அங்கே நிறுத்தினேன்.

விசயம் இதுதான். இம்பீரியல் கலனை 160 அவுன்ஸாகப் பிரிக்கிறார்கள், அமெரிக்கக் கலனை 128 அவுன்ஸாகப் பிரிக்கிறார்கள். பைந்து இரண்டு பக்கமும் கலனில் எட்டில் ஒன்றுதான், ஆனால் இம்பீரியல் பைந்து 20 அவுன்ஸ், அமெரிக்கப் பைந்து 16 அவுன்ஸ். 4546 ஐ 160 ஆல் பிரித்தால் 28.41 மில்லிலீற்றர். 3785 ஐ 128 ஆல் பிரித்தால் 29.57 மில்லிலீற்றர். கலன் சிறிதாக இருந்தும் அமெரிக்க அவுன்ஸ் பெரிது, 4 வீதம் அளவுக்கு. அவுன்ஸ் பெரிதென்றால் அதே எண்ணெயை அளக்கும்போது எண்ணிக்கை குறைய வேண்டும், கூடக் கூடாது. கலனுக்குச் செய்த திருத்தத்தை அவுன்ஸுக்கும் அப்படியே செய்தால் திசையே மாறிவிடும்.

750 ஐ 29.5735 ஆல் பிரித்தால் 25.36. இதுதான் சரியான விடை. அமெரிக்காவுக்குப் போகும் 750 மில்லிலீற்றர் வைன் போத்தல்கள் சிலவற்றிலும் 25.4 என்றுதான் போட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு மனம் அமைதியானது.

இப்போது எங்கள் 26.4 ஐப் பாருங்கள். அமெரிக்கர் ஒருவர் அதைத் தன் அவுன்ஸாக வாசித்தால் 781 மில்லிலீற்றர் எதிர்பார்ப்பார். போத்தலில் இருப்பது 750. 31 மில்லிலீற்றர் குறைவு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். நான்கு பெண்கள் வெயிலில் தேங்காய் துருவி, பிழிந்து, காய்ச்சி எடுத்த நல்ல எண்ணெய், ஒரு துளியும் கலப்படம் இல்லாதது, அங்கே போய் 'அளவில் ஏமாற்றும் சாமான்' என்று பெயர் வாங்கியிருக்கும். எனக்கு இன்றும் அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் லேபல் விதி, திரவ அளவு 231 கன அங்குலக் கலனையும் அதன் குவாட், பைந்து, திரவ அவுன்ஸ் பிரிவுகளையும் வைத்துச் சொல்லப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 1992 இல் திருத்தி 1994 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மெற்றிக் அளவும் கூடவே இருக்க வேண்டும். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், கணக்குத் தெரிந்த எவரும் நம் பிழையை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

வாளிப் பக்கத்து இழப்பையும் சொல்கிறேன். 22.73 கணக்கில் நாலு வாளிக்கு 91 லீற்றர் என்று நினைத்துச் சின்னம்மா தேங்காய் வாங்கிவிட்டார். அவர் முறையில் போத்தலுக்குப் பத்துத் தேங்காய் போகும். தேவைப்பட்டது 75.7 லீற்றர்தான். மிச்சம் இருபது போத்தல், இருநூறு தேங்காய். அது வீணாகவில்லை, ஊரிலேயே விற்றுவிட்டோம், ஆனால் அந்த வாரத்துக் கைக்காசு முழுவதும் அதில் முடங்கிப் போனது.

போத்தலால் எண்ணுவது

சின்னம்மாவுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்தபோதுதான் ஒரு அழகான பொருத்தம் கண்ணில் பட்டது. இம்பீரியல் கலனில் ஆறில் ஒன்று 757.7 மில்லிலீற்றர் என்று சொன்னேன் அல்லவா? அமெரிக்கக் கலனில் ஐந்தில் ஒன்று 757.1 மில்லிலீற்றர். அரை மில்லிலீற்றர் அளவுதான் வித்தியாசம்! அமெரிக்காவிலும் 1980 இல் மதுபானப் போத்தல்கள் மெற்றிக்குக்கு மாறும் வரை 'ஐந்தில் ஒன்று' என்றே ஒரு போத்தலைச் சொல்லி வந்தார்கள். அதாவது நம் போத்தலும் அவர்கள் போத்தலும் ஒன்று, கலன்தான் வேறு.

"சின்னம்மா, நம்மட கலனுக்கு ஆறு போத்தல், அவங்கட கலனுக்கு அஞ்சு போத்தல்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அஞ்சு கலன் வாளிக்கு இருபத்தஞ்சு போத்தல். நான் முப்பதுக்கெல்லோ தேங்கா எடுத்தன்" என்றார். ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது அவருக்கு. எனக்கு இரண்டு இரவு எடுத்தது.

தேங்காய் வாங்குவதற்கும், எத்தனை போத்தல் ஒதுக்குவது என்று பார்ப்பதற்கும் இந்தப் போத்தல் கணக்கு போதும். லேபலுக்குப் போதாது, ஏனெனில் 750 மில்லிலீற்றர் போத்தல் ஐந்து சேர்ந்தால் 3750 தான், கலனுக்கு 35 மில்லிலீற்றர் குறையும்.

லேபலுக்குக் கையால் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது, நான் எப்போதும் அதைத்தான் செய்கிறேன். மில்லிலீற்றரை 30 ஆல் பிரியுங்கள், வருவதோடு நூற்றுக்கு ஒன்றரை வீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டுங்கள். 750 ஐ 30 ஆல் பிரித்தால் 25, அதில் ஒன்றரை வீதத்துக்குச் சற்றுக் குறைவு 0.36, ஆக 25.36. 500 க்கு 16.67, அதோடு 0.24, ஆக 16.9. ஒரு லீற்றருக்கு 33.8. கணனி என்ன சொன்னாலும் இந்த எண்ணுக்கு அருகில் வராவிட்டால் எங்கோ பிழை. போனில் இருக்கும் மாற்றிக் கணக்கிடும் செயலிகளில் இரண்டு கலனும் இரண்டு அவுன்ஸும் அடுத்தடுத்த வரியில்தான் இருக்கும், விரல் தவறினால் பழைய பிழைதான் திரும்ப வரும்.

லீற்றரிலிருந்து அமெரிக்கக் கலனுக்குப் போக 0.2642 ஆல் பெருக்கலாம். மனக்கணக்கில், குவாட் லீற்றரைவிடச் சற்றுச் சிறியது, நாலு குவாட் ஒரு கலன், ஆகவே கலன் நாலு லீற்றருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால் 4.5 என்ற எண் வந்ததும் சந்தேகம் தானாக எழும்பும்.

தசமத்தை எங்கே வெட்டுவது என்பதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 25.36 ஐ 25.4 என்று போட்டால் அது 751.2 மில்லிலீற்றர் ஆகிறது, ஒரு மில்லிலீற்றர் கூடச் சொன்னதாகிவிடும். பலர் அப்படித்தான் போடுகிறார்கள். நான் 25.3 என்று போட்டேன். உள்ளே இருப்பதைவிடக் கூடவாக ஒரு எண்ணை எங்கள் லேபலில் இனி எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

எண்ணெய் சுருங்கும் என்பதை மறந்திருந்தோம்

லேபல் விதியைத் திரும்ப வாசிக்கும்போது இன்னொன்று அகப்பட்டது. சாதாரணமாக விற்கும் உணவுக்குத் திரவ அளவைச் சொல்லும்போது அது 68 பரனைட், அதாவது 20 செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் அளவாக இருக்க வேண்டும். களுவாஞ்சிக்குடியில் எப்போது 20 பாகை வருகிறது? நாங்கள் அடைப்பது 30, 32 பாகையில். சமையல் எண்ணெய் பாகைக்கு ஏறக்குறைய 0.07 வீதம் விரியும். பத்துப் பாகைக்கு 0.7 வீதம், 750 இல் 5 மில்லிலீற்றருக்கு மேல். அதிலும் தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும், உறையும்போது இன்னும் சுருங்கும். நியூ ஜேர்சிக் குளிரில் பெட்டியைத் திறப்பவர் கழுத்துக்குக் கீழே இறங்கிய வெள்ளைக் கட்டியைத்தான் காண்பார்.

அதனால் அளவுக் குவளையை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறினோம். எடை வெயிலிலும் மாறாது, குளிரிலும் மாறாது. எங்கள் எண்ணெய் லீற்றருக்கு 0.92 கிலோவுக்கு அருகில் நிற்கிறது, ஆகவே 750 மில்லிலீற்றர் 690 கிராம் அளவில் வரும். நாங்கள் 700 கிராம் ஊற்றுகிறோம். வெறும் போத்தலைத் தராசில் வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, 700 வரும் வரை புனலால் ஊற்றினால் முடிந்தது. அந்தப் பெண்களில் ஒருவர் இரண்டு நாளில் இதில் அவ்வளவு தேர்ந்துவிட்டார், இப்போது தராசைப் பார்க்காமலே 702, 703 க்குள் நிறுத்துகிறார்.

தேனுக்கு அவுன்ஸ் வேறு

தேன் லேபல் இன்னும் அச்சடிக்கவில்லை, அது நல்லதாய்ப் போயிற்று. 500 மில்லிலீற்றருக்கு 16.9 திரவ அவுன்ஸ் என்று திருத்தி எழுதி வைத்திருந்தேன். நியூ ஜேர்சி அண்ணரிடம் காட்டியபோது, அவர் தன் கடைத் தட்டில் இருந்த தேன் போத்தல் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினார்: கரடி உருவப் போத்தல், 12 அவுன்ஸ், 340 கிராம். மில்லிலீற்றரே இல்லை.

அமெரிக்காவில் தேன் எடையில்தான் விற்கப்படுகிறது. ஒரு திரவத்தை எடையால் விற்பது அங்கே ஊறிய வழக்கமாக இருந்தால் அதன்படியே லேபலில் போட வேண்டும் என்று அவர்கள் விதியே சொல்கிறது. இந்த அவுன்ஸ் எடை அவுன்ஸ், 28.35 கிராம். திரவ அவுன்ஸோடு இதற்குப் பெயர் ஒற்றுமை மட்டும்தான். தண்ணீர் என்றால் ஒரு திரவ அவுன்ஸின் எடையும் ஒரு அவுன்ஸுக்கு அருகில் வரும், அதுதான் ஆளைக் குழப்புவது. தேன் தண்ணீரைப்போல 1.4 மடங்கு கனம். எங்கள் 500 மில்லிலீற்றர் 700 கிராம் நின்றது, அது 24.69 அவுன்ஸ்.

நான் '16.9 அவுன்ஸ்' என்று போட்டிருந்தால், வாங்குபவர் அதை எடையாக எடுத்து 479 கிராம் என்று நினைத்திருப்பார். பக்கத்துத் தட்டில் இருக்கும் தேனோடு விலையை ஒப்பிடும்போது நம் தேன் ஒன்றரை மடங்கு விலை போலத் தெரிந்திருக்கும். மீன்பாடும் தேன்நாட்டிலிருந்து போன தேன் தட்டிலேயே கிடந்து திரும்பியிருக்கும். எண்ணெயில் கூடச் சொல்லிப் பிழை விட்டோம், தேனில் குறையச் சொல்லிப் பிழை விடப் பார்த்தோம். தேன் லேபல் இப்போது 'நிகர எடை 24.6 அவுன்ஸ், 700 கிராம்' என்று போகிறது.

எண்ணெய் லேபலின் பின்பக்கத்தில் ஊட்டச்சத்து அட்டவணை இருக்கிறதே, அங்கே இன்னொரு கணக்கு. பரிமாறும் அளவுக்கு மட்டும் மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர், தேக்கரண்டி 5, கோப்பை 240, திரவ அவுன்ஸ் 30 என்று முழு எண்களையே பாவிக்கச் சொல்கிறார்கள். எனவே 750 மில்லிலீற்றரில் 50 பரிமாறல் என்று போடலாம். முன்பக்கத்து அவுன்ஸும் பின்பக்கத்து அவுன்ஸும் துளி வேறாக இருப்பது பிழையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

பழைய லேபல் 400 ஐயும் எறியவில்லை. அளவு வரி முன்பக்கத்தின் அடியில் இருந்ததால் அதை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, 750 மில்லிலீற்றர் என்று சிறிய ஒட்டுத்தாள் ஒட்டி உள்ளூர் விற்பனைக்குக் கொடுக்கிறோம். வாளிகளுக்கு 18.93 லீற்றர் கணக்கில் புது விலை அனுப்பினோம், அண்ணர் அன்றைக்கே சம்மதித்தார்.

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து சின்னண்ணாவின் சிநேகிதர் ஒருவர் 72 போத்தல் எண்ணெய் கேட்டார். பேசி முடிந்ததும் சின்னம்மா முதலில் கேட்டது விலையை அல்ல. "மனே, இவர் ஆறு போத்தல் ஆளா, அஞ்சு போத்தல் ஆளா?" என்றார். கனடாவுக்கு மெற்றிக் அளவு போதும் என்பதால் அவுன்ஸ் வரியையே எடுத்துவிட்டு 750 மில்லிலீற்றர் என்று மட்டும் போட்டோம். லேபலில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டுமாம், அதற்குத்தான் இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.